விடை சரி, செயல் சரியா?

கல்வியின் பயன் யாது என்னும் வினா மிகப் பழமையானது. அவ்வினாவைக் கணினிக் கல்வியை முன்வைத்து எழுப்புவது இன்றைய தேவை எனக் கருதுகின்றோம். யாம் வாழும் பாரிவாக்கம், பூவிருந்தவல்லிக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட ஊர். காலையில் இவ்வழியே செல்லும் கல்லூரிப் பேருந்துகளில் கணினி அறிவியல் பயிலும் பிள்ளைகள் பலர். நம் இல்லங்களிலும் அப்படிப்பை விரும்பாத பெற்றோர் அரியர்.

இத்துறை நம் மண்ணில் வேரூன்றி அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. 1963-இல் கிண்டிப் பொறியியற் கல்லூரி வளாகத்தில் ஐ.பி.எம். 1620 கணினி நிறுவப்பட்டது. 1965-இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியல் முதுநிலைப் படிப்பு தொடங்க முன்னின்றவர் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. இராஜாராமன். 1984-க்குப் பின் தமிழகத்தில் தனியார் பொறியியற் கல்லூரிகள் பெருகவே, சிலருக்கே கிட்டிய அக்கல்வி சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் எட்டியது. இது மகிழத்தக்கதே.

நான்காண்டுகளில் அவர்கள் கற்பன யாவை? கணிதம், தரவுக் கட்டமைப்பு, படிமுறை, இயக்க முறைமை, தரவுத்தளம், வலையமைப்பு முதலியன. இவை வெறும் கருவிப் பயிற்சி அல்ல. பெரிய சிக்கலைச் சிறு கூறுகளாகப் பகுக்கவும், ஒவ்வொரு கூற்றுக்கும் காரணம் காட்டவும் இவை பழக்குகின்றன. பட்டியல் வெறுமையாக இருந்தால் என்ன ஆகும்? எண் தன் எல்லையைக் கடந்தால்? இருவர் ஒரே நொடியில் ஒரே கணக்கில் பணம் எடுத்தால்? இவ்வாறு முன்கூட்டி வினவும் பழக்கமே இக்கல்வியின் உயிர்.

அறம் கற்பிக்கப்படவில்லையா எனின், அதுவும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் மனித விழுமியங்களும் அறமும் பற்றிய பாடம் ஏழாம் பருவத்தில் வருகின்றது. அவ்வேளையில் மாணவர் மனம் வேலைக்கான நேர்காணல்களில் இருக்கும். அறம் தனித்தாளாகக் கடைசியில் வந்தால், தேர்வோடு அது முடிந்துவிடாதா?

பள்ளிக் கணக்கு ஒன்றைக் காண்போம். பால்காரர் பத்து லிட்டர் பாலில் இரண்டு லிட்டர் தண்ணீர் கலந்து, வாங்கிய விலைக்கே விற்றால் இலாபம் எத்தனை விழுக்காடு? இருபது என்று பிள்ளைகள் உடனே கூறுவர். விடை சரி, மதிப்பெண்ணும் உண்டு. அப்பாலைக் குடிக்கும் குழந்தையைப் பற்றி அக்கணக்கு பேசுவதில்லை. ஆசிரியப் பயிற்சி எமக்குக் கற்பித்தது இதுவே: அதை நீதிபோதனை வகுப்புக்கு ஒத்திவைத்தல் கூடாது, அக்கணக்கிலேயே கேட்டல் வேண்டும்.

கேளாவிடின் நேர்வதற்குப் பிரிட்டன் சான்று. அங்கு 1999 முதல் ஹொரைசன் என்னும் கணினிக் கணக்கு முறை அஞ்சலகங்களில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிழைகள் இல்லாத பற்றாக்குறையை இருப்பதாகக் காட்டின. 2015 வரை 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகத்தார் திருட்டு, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். சிலர் வீடும் பொருளும் இழந்தனர். பிழை உண்டென அறிந்தோர் இருந்தும், கணினி பொய் கூறாது என்றே வழக்குகள் நடந்தன. 2024-இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அத்தீர்ப்புகளை நீக்கிற்று. இழந்த ஆண்டுகளை எச்சட்டம் மீட்கும்?

மேலதிகாரி கூறியதைத்தானே எழுதினோம், எமக்கென்ன பொறுப்பு என்று இளைஞர் கேட்கலாம். நம் முன்னோர் ஒரு தீங்கில் மூவர்க்குப் பங்குண்டு என்றனர்: செய்தவர், செய்வித்தவர், உடன்பட்டவர். நிரல் எழுதுவோர் தம் கையால் எவரையும் துன்புறுத்துவதில்லை. ஆயினும் அவர் எழுதிய கட்டளை ஆயிரம் ஊர்களில் அவர் அறியாமலே செயற்படுகின்றது. பிழையை அறிந்தும் வாளாவிருப்பவர் உடன்பட்டவரே. அறியாமல் நேர்ந்த பிழைக்கு அத்துணைப் பழியில்லை. ஆனால் ஆராய்ந்து பார்க்கும் கடமை அவர்க்கு உண்டு. எல்லாவற்றையும் எவரும் முன்னறிய இயலாது என்பது மெய்யே. எனினும், இயலுமளவு முன்னறியும் கலையைத்தானே நான்காண்டுகள் பயின்றார்கள்? பட்டியல் வெறுமையாயின் என்னாகும் என்று கேட்கத் தெரிந்த மாணவனுக்கு, இக்கணக்கு தவறினால் யார் வருந்துவர் என்று கேட்பது அடுத்த படியே.

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை வகுத்தபோது கடைமாணாக்கருக்கு நெய்யரியை உவமை கூறினார். அது நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். சம்பளத்தை மட்டும் நிறுத்திக்கொண்டு பொறுப்பை ஒழுகவிடும் கல்வியும் அத்தகையதே.

ஆதலின், பேராசிரியர்கள் இவ்வினாவை முதற்பருவத்திலிருந்தே ஒவ்வொரு பாடத்திலும் எழுப்புவாராக. பெற்றோராகிய நாமும், விடுமுறையில் வீடு வரும் பிள்ளையிடம் மதிப்பெண்ணையும் சம்பளத்தையும் கேட்டபின், "நீ எழுதுவது யாருக்குப் பயன்படும்? அது பிழைத்தால் யார் துன்புறுவர்?" என்றும் கேட்போமாக. விடை கூற அப்பிள்ளை சற்றுத் தயங்கினாலும் நன்றே. அத்தயக்கத்தில் சிந்தனை தொடங்குகின்றது.