சந்தேகத்தைச் சொல்ல ஓர் இடம்

சிவில் முடித்து, ஸ்ட்ரக்சுரலில் எம்.இ. வாங்கி, முதல் வேலைக்குப் போகிறவரிடம் சம்பளம் எவ்வளவு, எந்த சாப்ட்வேரில் வேலை என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறோம். அவர் விசாரித்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: அந்த ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்லலாம்? சொன்னால் அவர் கையிலுள்ள வேலையை வைத்துவிட்டுப் பார்ப்பாரா? புதியவர் எப்படிப்பட்ட என்ஜினீயராக வளர்வார் என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தது என்றே நினைக்கிறேன்.

1907-இல் கனடாவின் கியூபெக்கில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே பெரிய இரும்புப் பாலம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. சைட்டில் இருந்த இளம் என்ஜினீயர் நார்மன் மெக்லூர், பாரம் தாங்கும் அடிப்பகுதி உறுப்பு ஒன்றை ஆகஸ்ட் இறுதியில் அளந்தார். முன்பு முக்கால் அங்குலமாக இருந்த வளைவு இரண்டேகால் அங்குலமாகியிருந்தது. அது பட்டறையிலிருந்து வரும்போதே இருந்த வளைவு என்று வாதிட்டவர்கள் உண்டு. மெக்லூர் நியூயார்க் போய், ஆலோசகர் தியோடர் கூப்பரிடம் நேரில் சொன்னார். கூப்பர் உடனே, இனிப் பாரம் ஏற்றாதீர்கள் என்று தந்தி அடித்தார். ஆனால் அது போனது பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்த, பென்சில்வேனியாவிலிருந்த கம்பெனிக்கு, பாலத்துக்கு அல்ல. ஆகஸ்ட் 29 மாலையே பாலம் சரிந்து 75 பேர் இறந்தார்கள். கூப்பரின் அனுபவத்துக்கு முன் மெக்லூருக்குத் தெரிந்தது சொற்பம்தான். ஆனால் அனுபவம் நியூயார்க்கில் இருந்தது, டேப் சைட்டில் இருந்தது.

அரைகுறையாகத் தெரிந்தவர் எழுப்பும் சந்தேகங்களில் பாதி வீண் என்பார்கள். பாதிக்கு மேலேயே வீணாகலாம். ஆனால் வீணான கேள்வி பத்து நிமிடத்தைத்தான் தின்கிறது, அதற்குக் கிடைக்கும் விளக்கம்தான் புதியவருக்குப் பயிற்சி. கேட்காத கேள்வியின் விலையை அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி பார்த்தது. ஹயாட் ரீஜன்சி ஓட்டலில் மேலும் கீழுமாக இரண்டு நடைபாலங்கள் ஒரே நீளக் கம்பியில் தொங்குவதாக முதலில் வரைந்திருந்தார்கள். செய்வதற்கு வசதியாகக் கம்பியை இரண்டாக்கி, கீழ்ப்பாலத்தை மேல்பாலத்தின் உத்திரத்திலிருந்தே தொங்கவிட்டார்கள். மேல் உத்திரத்துக்கு அடியிலுள்ள நட்டுக்கு இரட்டிப்புப் பாரம். 1981 ஜூலை 17 அன்று நடைபாலங்கள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். இதைக் கண்டுபிடிக்க முதல் வருட மெக்கானிக்ஸ் போதும். அனுபவசாலிகள் பலர் கையைக் கடந்துபோன வரைபடத்தில், அந்த இணைப்புக்கு யாரும் கணக்குப் போடவில்லை.

சாப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்ற பதிலும் வரும். சாப்ட்வேர் தனக்குக் கொடுத்ததைத்தான் கணக்கிடும். நான்குக்கு நான்கு மீட்டர் பரப்பைத் தாங்கும் தூண், மேலே நான்கு தளம், சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு டன்: அறுபத்துச் சொச்சம் டன் வர வேண்டும். திரையில் இருபது என்று வந்தால் எங்கோ பாரம் விட்டுப்போயிருக்கிறது. இந்தத் துண்டுக் காகிதத்தோடு சீனியரின் மேஜைக்குப் போகும் புதியவரை யாரும் அலட்சியமாக அனுப்ப முடியாது.

வீட்டுக் கடன், தங்கையின் படிப்பு என்று இருக்கிறவர் ஆபீஸைத் தேர்ந்தெடுக்கவா முடியும் என்பதுதான் என்னைத் தயங்கவைக்கும் எதிர்வாதம். பலருக்கு முடியாது. கிடைத்த இடத்திலேயே, காதுகொடுத்துக் கேட்கும் ஒரே ஒருவரையாவது அவர் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏனென்றால், பால்கனி ஸ்லாபில் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். அதைத் தூக்கிப் பிடிக்கும் 'சேர்' என்ற தாங்கி அடியில் இல்லாவிட்டால், ஆட்கள் மிதித்து நடக்க நடக்க அது அமுங்கும். 120 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கணக்கிட்ட கம்பி 80-க்கு இறங்கினால் தாங்கும் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மிக்சர் ஓடத் தொடங்கிய பிறகு, நாற்பது வயது மேஸ்திரியிடம், "கொஞ்சம் நிறுத்துங்கண்ணே, கம்பிக்குச் சேர் வைக்கல" என்று சொல்ல இருபத்து மூன்று வயதுக்காரருக்குத் துணிச்சல் எங்கிருந்து வரும்? போன் போட்டால் அந்தப் பக்கம், "நிறுத்தச் சொல்லு, நான் வரேன்" என்று ஒருவர் சொல்வார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.