பல்லைக் கடித்துக்கொண்டு

2018ஆம் ஆண்டு பனிக்காலத்தில் அம்மாவின் கடவாய்ப்பல் ஒன்று பிடுங்கப்பட்டது. கீழ்த்தாடை, இடது பக்கம். ஒரு பல்லைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பல்லைப் பற்றி அதிகம் இல்லை. அதைப் பிடுங்குவதா, காப்பாற்றுவதா என்று பல்வைத்தியர் கேட்டபோது, பதில் சொல்ல நான் எடுத்துக்கொண்ட இரண்டு மூன்று விநாடிகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வலியிருப்பதாக அம்மா சொல்லவில்லை. அதைக் கண்டுபிடித்தது என் மனைவி. பாணைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிடத் தொடங்கியிருந்தார். முருங்கைக்காயைச் சப்பாமல் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கினார். அவருடைய அறைக்குள் போனால் கராம்பு மணத்தது. கேட்டால், "ஒண்டுமில்லை, கொஞ்சம் கூசுது" என்பார். கராம்பை வைத்துக் கடித்தபடி நான்கு மாதம் படுத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நான்கு மாதமும் அவர் படுத்திருந்தது என் அறைக்கு அடுத்த அறையில்.

ஸ்காபரோவில் ஒரு பல்வைத்தியரிடம் கூட்டிப்போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் இரண்டு வழி சொன்னார். ரூட் கனால் செய்து மேலே கிறவுண் போட்டால் பல் நிற்கும். மூவாயிரம் டொலரைத் தாண்டும். பிடுங்கினால் முந்நூறுக்குள் முடியும். என் வேலைத்தலக் காப்புறுதியில் தங்கியிருப்போர் என்றால் மனைவியும் பிள்ளைகளும்தான். பெற்ற தாய்க்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. அந்த வருடம் வேலையில் மணித்தியாலங்களைக் குறைத்திருந்தார்கள். வீட்டு மோட்கேஜ் குறையவில்லை. நான் கணக்குப் பார்த்தேன். பார்த்து முடிக்கும் முன்னரே அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"பிடுங்கிவிடட்டும் தம்பி. இந்த வயசிலை எனக்கு இனிப் பல் என்னத்துக்கு?"

"அம்மாவின்ரை விருப்பம்" என்றேன் நான்.

அந்தச் சொல்தான் இத்தனை வருடங்களாக என்னை உறுத்துகிறது. அது அம்மாவின் விருப்பமா? பருத்தித்துறை வடையைக் கடக்கு முடக்கென்று கடித்துச் சாப்பிட்ட மனுசி அவர். இரண்டு வழிக்கும் ஒரே விலை என்றிருந்தால் எதைக் கேட்டிருப்பார்? விருப்பம் என்று நாம் சொல்வதில் பாதி, விலையைப் பார்த்துப் பின்வாங்கியதுதான். வசதியுள்ளவரின் பல்லைக் காப்பாற்றுகிறார்கள், வசதியில்லாதவரின் பல்லைப் பிடுங்குகிறார்கள். பிறகு, 'அவரே பிடுங்கச் சொன்னார்' என்று குறிப்பில் எழுதிவைக்கிறார்கள். அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் ஒருவர் தானாகக் கேட்டதற்கும், வேறெதையும் கேட்க முடியாததால் கேட்டதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் குறிப்பில் தெரியாது.

பல்லை வைத்து நம்மிடம் இரண்டு சொல்வழக்குகள் உண்டு. துன்பத்தைப் பொறுப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார். பிறரிடம் கையேந்துபவர் பல்லைக் காட்டுகிறார். என் அம்மாவின் தலைமுறைக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் வழி. மானமுள்ளவர் முதலாவதையே எடுப்பார். மூன்றாவது வழி ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

கனடாவில் வைத்தியம் இலவசம் என்று ஊரில் உள்ளவர்களுக்குப் பெருமையாகச் சொல்கிறோம். வாயை அதில் சேர்ப்பதில்லை. 1962இல் சஸ்கச்சுவானில் தொடங்கிய பொது மருத்துவக் காப்புறுதி பிறகு நாடெங்கும் பரவியது. 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் அதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. அந்தச் சட்டத்தில் பல்லுக்குரிய இடம் மிகச் சிறியது. மருத்துவமனையில் வைத்துத்தான் செய்ய முடியும் என்ற பல் அறுவைச் சிகிச்சைகள் மட்டும். இதயம் பழுதானால் அது நாட்டின் பிரச்சினை. கடவாய்ப்பல் பழுதானால் அது உங்கள் பிரச்சினை. உடம்பில் எந்த எலும்பு முறிந்தாலும் மருத்துவமனையில் உங்கள் வருமானத்தைக் கேட்பதில்லை. பல் வலித்தால் வரவேற்பு மேசையில் முதற்கேள்வியே காப்புறுதி இருக்கிறதா என்பதுதான்.

பிரித்தானியாவில் 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது பல்லும் அதற்குள் இருந்தது. மூன்று வருடங்களில், ஆயுதச் செலவு கூடிய காலத்தில், பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் நோயாளி பாதிப் பணம் கட்ட வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அதை எதிர்த்து 1951 ஏப்ரலில் அமைச்சர் பதவியைத் துறந்தார். பொய்ப்பல்லுக்காகவா ஒருவர் பதவி விலகுவார் என்று முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் பல்லுக்குப் பிறகு வரவில்லை. எதை முதலில் வெட்டுகிறோம் என்பதில், யாருடைய வலியை அற்பம் என்று நினைக்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. அனேகமாக அது வயதானவர்களின் வலியாகவே இருக்கிறது.

இனி என் சொந்தக் கடமைக்கு வருகிறேன். அம்மாவை இங்கே கூப்பிட நான் ஒரு படிவத்தில் கையொப்பமிட்டேன். பெற்றோரைப் பொறுப்பேற்பவர், அவர்களின் உணவு, உடை, இருப்பிடத்தோடு, பொதுச் சுகாதாரத்தில் அடங்காத கண், பல் வைத்தியத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நான் கையொப்பமிட்ட காலத்தில் அந்தப் பொறுப்பு 10 வருடம். 2014க்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்குக் கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் 20 வருடம். அம்மா வந்தது 2012இல். ஆக, 2018இல் அந்தப் பல் சட்டப்படி என் பல்.

அம்மாவுக்கு அந்த விதி தெரியாது. ஆனால் அதன் பாரம் தெரியும். பத்து வருடம் வசிக்கும்வரை முதியோர் ஓய்வூதியமும் இல்லை. காலுறை வாங்குவதற்கும் என்னிடமோ மருமகளிடமோ கேட்க வேண்டிய நிலை. நாங்கள் ஒருபோதும் இல்லையென்று சொன்னதில்லை. அதனால்தான் அவர் கேட்கவில்லை. இதை விளங்கிக்கொள்ள எனக்கு நீண்ட காலம் எடுத்தது. மறுப்பவரிடம் சண்டை பிடித்துக் கேட்கலாம். மறுக்கவே மாட்டார் என்று தெரிந்தவரிடம் கேட்பதுதான் கடினம். அன்பு ஒன்றையும் எழுதிவைப்பதில்லை, ஆனால் வாங்குபவரின் மனதில் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

2019 நவம்பரில் ஒன்ராறியோ மாகாணம் குறைந்த வருமானமுள்ள 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு இலவசப் பல்வைத்தியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. எங்களுக்கு அது தெரியவந்தபோது கொரோனா வந்து எல்லாம் பூட்டிக் கிடந்தது. பிறகு கூட்டாட்சி அரசின் திட்டம் வந்தது. வயதில் மூத்தவர்களிலிருந்து தொடங்கி விண்ணப்பங்களை ஏற்றார்கள். 77இலிருந்து 86 வயதுவரையானவர்களின் முறை 2024 ஜனவரியில். சிகிச்சை மே மாதம் தொடங்கியது. குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேறு பல் காப்புறுதி இருக்கக்கூடாது. வருமானவரி விபரம் தாக்கல் செய்திருக்க வேண்டும். 70,000க்குக் கீழே என்றால் திட்டத்தின் கட்டணத்தில் நோயாளியின் பங்கு கிடையாது.

இதில் ஒரு விடயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இங்கே குடும்ப வருமானம் என்பது விண்ணப்பிப்பவரும் அவருடைய துணைவரும் மட்டும். பிள்ளையின் வீட்டில் வசித்தாலும் பிள்ளையின் சம்பளம் கணக்கில் வராது. கைம்பெண்ணான என் அம்மா, என் கூரையின் கீழ் இருந்தாலும், அந்தப் படிவத்தில் தனியொரு மனுசி.

என் நண்பர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "பிள்ளையள் உழைக்கேக்கை தாய் அரசாங்கக் காசிலை பல் கட்டுறதே? எங்கடை ஆக்களுக்கு இது வெட்கமில்லையோ?" என்றார். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. தாயைப் பார்ப்பது பிள்ளையின் கடமை என்று நானும் நம்புகிறேன். அரசு அதைச் செய்யத் தொடங்கினால் பிள்ளைகள் கைகழுவிவிடுவார்கள் என்ற பயமும் பொய்யல்ல. ஆனால் அவரிடம் ஒன்று கேட்டேன். அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் பத்து நாள் இருந்தபோது ஒரு சதம் கட்டாமல்தான் கூட்டிவந்தோம். அப்போது ஏன் வெட்கம் வரவில்லை? அது எல்லோருக்கும் உள்ளது என்றார் அவர். அதுதான் விடை. எல்லோருக்கும் உள்ளது உரிமை, இல்லாதவருக்கு மட்டும் கொடுப்பது தானம் என்று மனம் பிரித்துவைத்திருக்கிறது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் காசில்லாமல் பல் பிடுங்கிக்கொண்டு வந்த தலைமுறை நாங்கள். அங்கே வரிசையில் நின்றவர் எவரும் தன்னைப் பிச்சைக்காரர் என்று நினைத்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. கடமை என் பக்கத்திலிருந்து பார்த்தால் அழகானது. அம்மாவின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒவ்வொரு பல்லுக்கும் மகனின் முகத்தைப் பார்க்க வேண்டியிருப்பது. நல்ல பிள்ளை கிடைத்தவருக்குப் பல் இருக்கும், கிடைக்காதவருக்கு இருக்காது என்பது நியாயமான ஏற்பாடாக எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளைப் போரில் பறிகொடுத்துவிட்டு வந்த தாய்மாரும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள்.

அம்மாவுக்குத் தபாலில் அட்டை வந்த நாள் நினைவிருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். "இது என்ரை பேரிலைதானே? உன்ரை பேர் ஒரு இடமும் இல்லையே?" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றேன். முதல் சந்திப்புக்கு நான் லீவு எடுக்கிறேன் என்றபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியே பஸ்ஸில் போனார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. உள்ளே சிறிதாக ஒன்று குத்தவும் செய்தது. அவர் என்னில் தங்கியிருந்ததை நானும் கொஞ்சம் விரும்பியிருந்தேன் போலும்.

திட்டம் குறையற்றது என்று சொல்லமாட்டேன். வைத்தியரின் கட்டணம் திட்டம் கொடுக்கும் தொகையைவிடக் கூடுதலாக இருந்தால் மிச்சத்தை நோயாளிதான் கட்ட வேண்டும். ஆகவே கதிரையில் அமரும் முன்பே கேட்டுவிட வேண்டும். கிறவுணுக்கும் பகுதிப் பொய்ப்பல்லுக்கும் முன்அனுமதி வேண்டும். தாடையில் பதிக்கும் பல் இதில் அடங்காது. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். வருமானம் இல்லாத முதியவர் வரி விபரம் எதற்கு என்று விட்டுவிட்டால் வாசலிலேயே நின்றுவிடுவார். திட்டத்துக்குள் வராதவர்களுக்கு, ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பல்மருத்துவப் பீடத்தில் மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்துக்குச் செய்கிறார்கள். நேரம் கூட எடுக்கும், பொறுமை வேண்டும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தேநீரில் பாண் தோய்ப்பவர் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

சென்ற வருடம் அம்மாவுக்குப் பகுதிப் பொய்ப்பல் கட்டினார்கள். அந்த இடைவெளி நிரம்பிவிட்டது. அன்றிரவு, எட்டாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, பின்வளவில் கதிரை போட்டு இருந்தபோது, அந்த இரண்டு மூன்று விநாடிகளைப் பற்றி அவரிடம் சொன்னேன். மன்னிப்பு மாதிரி ஏதோ கேட்கவும் முயன்றேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "உனக்கு வேலை குறைஞ்ச நேரம். நீ யோசிச்சது பிழையில்லை." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஆனா நோகத் தொடங்கினவுடனை நான் சொல்லியிருந்தா, சூத்தையை அடைச்சு விட்டிருப்பினம் என்ன? பெரிய காசும் முடிஞ்சிராது."

ஆம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் உண்மை. அவர் என் காசைக் காப்பாற்ற வலியை மறைத்தார். மறைத்ததால் வலி விலையேறியது. விலையேறியதால் நான் தயங்கினேன். தயங்கியதால் அவர் பல்லைக் கொடுத்தார். இதில் கெட்டவர் என்று யாருமில்லை. ஒருவரையொருவர் நேசித்த இரண்டு பேர், பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டே ஒரு பல்லை இழந்தோம்.