சர்வர் உன் வீட்டில் ஓடும்!

பரண்மேல் பழைய லேப்டாப் ஒன்று தூசி படிந்து கிடக்கிறதா? இறக்கு!

எந்த ஊரில் இருப்பவரும் திறந்து பார்க்கும் இணையதளத்தை அதிலிருந்தே நீ நடத்தலாம்!

“சர்வருக்குக் குளிரூட்டிய அறை வேண்டும், கோடிக்கணக்கில் பணம் வேண்டும்.” யார் சொன்னது?

1990-இன் இறுதியில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உலகின் முதல் வெப் சர்வரை ஓட்டினார். எதில்? ஒரே ஒரு நெக்ஸ்ட் கணினியில்!

யாராவது தெரியாமல் அணைத்துவிடுவார்களோ என்ற கவலையில், ‘இது சர்வர், அணைக்காதீர்கள்’ என்று கையால் எழுதி அதன்மேல் ஒட்டிவைத்தார். அவ்வளவுதான் பாதுகாப்பு ஏற்பாடு!

1993 ஏப்ரல் 30 அன்று, வெப் தொழில்நுட்பத்தை எவரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. எவரும் என்றால் நீயும்தான்! இன்னும் யாருடைய அனுமதிக்காகக் காத்திருக்கிறாய்?

“மென்பொருள் வாங்கக் காசில்லை.” காசு எதற்கு? இயங்குதளமான லினக்ஸ் இலவசம். வெப் சர்வர் மென்பொருளா? அப்பாச்சி இலவசம். என்ஜின்எக்ஸ் இலவசம்.

“எனக்கு வயது போதாது, அனுபவம் போதாது.” 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சின்கியில் ஒரு மாணவர். வயது 21. எழுதியது வீட்டுக் கணினியில்!

லினக்ஸை ஏற்று. அப்பாச்சியை நிறுவு. பிரவுசரில் 127.0.0.1 என்று அடி. பக்கம் வருகிறதா? உன் சர்வர் உயிரோடு இருக்கிறது!

இப்போது நண்பனைத் திறக்கச் சொல். திறக்கவில்லையா?

இந்த இடத்தில்தான் பலர் மூட்டை கட்டுகிறார்கள். நீயுமா?

ஏன் திறக்கவில்லை என்று கேள்! 192.168 என்று தொடங்கும் உன் கணினியின் ஐபி எண் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். வெளியே தெரிவது ரவுட்டரின் எண். அடுக்குமாடி வாசலுக்கு வந்த தபால்காரருக்கு எந்த வீடு என்று காவலாளி காட்ட வேண்டாமா?

ரவுட்டருக்குள் நுழை. கணினிக்கு மாறாத எண் கொடு. போர்ட் ஃபார்வர்டிங்கில் 80, 443 ஆகிய இரண்டு போர்ட்களையும் அதற்குத் திருப்பு.

வீட்டு வைஃபையில் சோதித்து ஏமாறாதே! மொபைல் டேட்டாவில் சோதி.

ரவுட்டரின் எண் அடிக்கடி மாறுகிறதா? டைனமிக் டிஎன்எஸ் அதை மாறாத பெயரோடு சேர்த்துக் கட்டும்.

அப்போதும் வரவில்லையா? ரவுட்டர் காட்டும் வெளி எண்ணும், ‘என் ஐபி என்ன’ என்று இணையத்தில் தேடினால் வரும் எண்ணும் ஒன்றா? வேறென்றால், பெரும்பாலும் உன் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே எண்ணுக்குப் பின்னால் வைத்திருக்கிறது. ஐபிவி4 என்ற முகவரி முறையில் இருப்பதே சுமார் 430 கோடி முகவரிகள். உலகத்துக்கே தட்டுப்பாடு!

தலைவிதி என்று உட்கார்ந்துவிடுவாயா? நிறுவனத்திடம் தனி ஐபி கேள். ஐபிவி6 வருகிறதா பார். எதுவுமே இல்லையா? டனல் போடு! உன் கணினி வெளியே போடும் இணைப்பின் வழியாகவே உலகத்தை உள்ளே கூட்டி வா!

எர்ரரைப் பார்த்தாலே கை நடுங்குகிறதா? நடுங்காதே. படி!

‘டைம்டு அவுட்’ என்றால் வழியில் ஃபயர்வாலோ ரவுட்டரோ மறித்திருக்கலாம். ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் அந்தப் பக்கம் ஓர் இயந்திரம் பதில் சொல்லிவிட்டது. அந்தப் போர்ட்டில்தான் ஆளில்லை. 404 வந்ததா? துள்ளிக் குதி! சர்வரே உன்னோடு பேசிவிட்டது. கோப்புதான் இடம் மாறிக் கிடக்கிறது.

இதில் எது தோல்வி? ஒவ்வொன்றும் நீ எவ்வளவு தூரம் வந்துவிட்டாய் என்றல்லவா சொல்கிறது!

“ஹேக்கர் வந்துவிட்டால்?” வருவான்! திறந்த போர்ட்டைத் தேடி அலையும் பாட்கள் உன் முகவரிக்கும் வரும். லாக் கோப்பைத் திற, தெரியும்.

பயப்படுவது தப்பில்லை. பயத்தை வேலை வாங்காமல் விடுவதே தப்பு!

தேவையில்லாத போர்ட்டை மூடு. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டை நிறுத்து, கீ வை. அப்டேட்டைத் தள்ளிப்போடாதே. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் எச்டிடிபிஎஸ் சான்றிதழைப் போடு. குடும்பப் படங்களும் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினியில் மட்டும் சர்வரை ஓட்டாதே!

“கரண்ட் போய்விடுமே.” போகட்டும்! ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் ஒரு யூபிஎஸ் வை. அதையும் மீறி அணைந்தால், கரண்ட் வந்ததும் பட்டனை அழுத்து. சர்வர் தானாக எழும்படி முன்பே அமைத்து வை.

இன்னும் சாக்கு மிச்சம் இருக்கிறதா?

பெரிய தளம் வேண்டாம். ஒரே ஒரு பக்கம். அதில் உன் பெயர். இன்றிரவே முகவரியை நண்பனுக்கு அனுப்பு.

“திறக்கவில்லை” என்று பதில் வருமா? வரட்டும்! என்ன எர்ரர் என்று கேள். அங்கிருந்து வேலையைத் தொடங்கு!