இடைத்தங்கலும் ஏமாற்றமும்

தமிழில் ‘ஏமாற்றம்’ என்னும் சொல் இரண்டு பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. எதிர்பார்த்தது கிட்டாதபோது எழும் மனநிலையும் ஏமாற்றம். ஒருவர் மற்றொருவரை வஞ்சிப்பதும் ஏமாற்றம். முன்னையதிலே குற்றவாளி ஒருவர் இருக்கவேண்டுமென்ற நியதியில்லை. மழை பொய்த்தால் உழவன் ஏமாறுகின்றான். மழையை எவரும் வழக்கு மன்றில் நிறுத்துவதில்லை. பின்னையதிலோ ஏமாற்றியவர் ஒருவர் உளர். ஒரு குடும்பம் ‘ஏமாந்துபோனோம்’ என்று கூறும்போது இவ்விரண்டனுள் எது நிகழ்ந்தது என்பது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று, அறவியல் வினாவாகும்.

இன்பச் செலவாகப் படகிலேறித் தீவு தீவாகச் சுற்றும் குடும்பமொன்றைக் கருதுவோம். வழியிலுள்ள துறையொன்றில் இரண்டு நாள் தங்க எண்ணி இறங்குகின்றது. படத்திலே கண்ட வெண்மணல் அங்கில்லை; குடிநீரும் உவர்க்கின்றது. மறுநாளே நங்கூரம் தூக்கி அகல்கின்றது. அவ்வேமாற்றம் உண்மையானதே, ஆயினும் அதன் விலை ஒரு நாள் மட்டுமே. அங்கே தீர்ப்பு வழங்குவோர் பயணிகள், தீர்ப்புக்குள்ளாவது தீவு. சபரகமுவத் தோட்டங்களிலிருந்து கடல் கடந்தோர் வரலாற்றிலே இவ்வுறவு தலைகீழாகின்றது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் எனக் கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. (மீதியின்றி வகுபட்டமை கணக்காளர் மகிழத்தக்கதே.) யட்டியாந்தோட்டையில் இறப்பர்ப் பால் வெட்டியவரும், இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் கொழுந்து பறித்தவரும், தகரப் பெட்டிகளுடன் தலைமன்னார்ப் புகையிரதத்தில் ஏறினர். மன்னார்த் தீவின் முனையிலிருந்து இராமேசுவரத் தீவுக்கு ‘இராமானுஜம்’ கப்பல் சில மணி நேரத்தில் அவர்களைக் கொண்டுசேர்த்தது. 1984இல் அச்சேவை நிற்கும்வரை பல்லாயிரம் குடும்பங்கள் இவ்வாறு தீவிலிருந்து தீவுக்குப் பெயர்ந்தன. கடலை முதன்முதலாகக் கண்ட பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டமாகவும் இருந்திருக்கலாம்.

பாம்பன் பாலத்துக்கு அப்பால் மண்டபம் முகாம். ‘தாயகம்’ என்று எண்ணி இறங்கியோர் முதலிற் கண்டது வரிசையும் பதிவேடும் வெயிலில் வெந்த மணலும். அம்முகாமின் பழைமை நினைக்கத்தக்கது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இலங்கைத் தோட்டங்களுக்கு ஆளனுப்பிய காலத்தில், கொள்ளைநோய்க்கு அஞ்சித் தொழிலாளரைத் தடுத்துவைத்துச் சோதித்ததும் மண்டபத்திலேயே. பாட்டன் போகும்போது தங்கிய இடத்திலேயே பேரனும் திரும்பும்போது தங்கினான். இருவரையும் அவ்விடமே சோதித்தது. அவர்கள் அதனைச் சோதிக்கவில்லை.

எதிர்பார்ப்பைக் குறைத்தால் ஏமாற்றமும் குறையும் என்பர் கிரேக்கத்து ஸ்டோயிக் ஞானியர். ஆசையே துன்பத்தின் தோற்றுவாய் என்பது பௌத்தம். தனிமனிதனின் மனவமைதிக்கு இவை சிறந்த மருந்துகள். ஆயினும் பிறரை நோக்கி இவற்றை உபதேசிப்பது ஐயத்துக்குரியது. ஆசை வேறு, வாக்குறுதியை நம்பிய எதிர்பார்ப்பு வேறு. ஆசைப்பட்டவன் தன் நெஞ்சையே நொந்துகொள்ளவேண்டும். வாக்குப் பெற்றவனுக்கோ உரிமையொன்று பிறந்துவிடுகின்றது. மீள்குடியமர்த்தலும் தொழிலும் வாக்களிக்கப்பட்ட ஒருவரிடம் ‘நீ அதிகம் எதிர்பார்த்துவிட்டாய்’ என்று கூறுவது, கடன் கேட்டு வந்தவனுக்குத் துறவை உபதேசிக்கும் கடனாளியின் ஞானத்தை ஒத்தது.

அவர்கள் தாமே விண்ணப்பித்தல்லவா சென்றனர் என்பது அடுத்த தடை. விண்ணப்பம் உண்மையே. ஆனால், இலங்கைக் குடியுரிமை கோரியோர் தொகை ஒப்பந்தம் வகுத்த 3 இலட்சத்தின் இருமடங்கையும் விஞ்சியது. 1970களின் நடுப்பகுதியிலே தோட்டங்களைப் பசி வாட்டியது. 1977இலும் 1981 ஓகஸ்டிலும் 1983இலும் இரத்தினபுரிப் பகுதி இலயங்களை வன்செயல் தாக்கியது. பின்னால் நெருப்பும் முன்னால் கப்பலும் இருக்கையில் ஒருவன் கப்பலைத் தேர்ந்தான் என்பது இலக்கணப்படி சரியான வாக்கியம். அறப்படி போதாத வாக்கியம். எனினும் எல்லோரையும் அலையடித்துச் சென்ற துரும்புகளாகக் கருதுவதும் அவர்தம் மதிப்பைக் குறைப்பதாகும். விரும்பிச் சென்றோர் இருந்தனர். சென்று வாழ்வமைத்தோரும் உளர்.

இனி, வாக்களித்தவர் யாவர்? அரசுகள் அளித்தன என்பது ஒரு பகுதி. ‘ஊர்’ என்னும் பேருருவை வளர்த்ததோ இலயத்து அடுப்பங்கரை. ஆற்றையும் அம்மன் கோயிலையும் உறவுமுறைகளையும் பற்றிக் கிழவிகள் கூறிய கதைகளில் ஊர் ஒருபோதும் வறண்டதில்லை. அக்கதைகளைச் சொன்னோர் பொய்யரல்லர். துரைக்கும் கங்காணிக்கும் கட்டுப்படாத ஓரிடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆகவே ஏமாற்றத்தின் இரு பொருள்களும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. கதையால் விளைந்ததற்கு எவரும் பொறுப்பல்லர். ஒப்பந்தத்தால் விளைந்ததற்குப் பொறுப்பாளர் உளர். முன்னையதைக் காட்டிப் பின்னையதை மறைப்பதுதான் வஞ்சகம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததை இடைத்தங்கல் என்றும், முகாமிலே காத்துக்கிடந்ததை வீடு திரும்பல் என்றும் இரண்டு அரசுகள் பெயரிட்டமையும் அதன்பாற்பட்டதே.

இறப்பர்த் தொழில் அறிந்தோருட் சிலர் கேரளத்துப் புனலூருக்கும் கன்னடத்துச் சுள்ளியாவுக்கும் கன்னியாகுமரி மலைச்சாரலுக்கும் அனுப்பப்பட்டனர். விடியுமுன் கத்தியுடன் மரத்தடிக்குச் செல்லும் வழக்கம் அங்கும் மாறவில்லை. அயலார் அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றனர். சபரகமுவவிலோ அவர்கள் இந்தியர் எனப்பட்டிருந்தனர். முகாம் மேசையின் முன் நின்ற குடும்பமொன்றை எண்ணிப் பார்க்கலாம். சொந்த ஊர் எது என்று எழுத்தர் வினவ, பாட்டி தான் ஒருபோதும் கண்டிராத திருச்சிச் சீமைக் கிராமமொன்றின் பெயரைச் சொல்கின்றாள். அவள் கையைப் பற்றி நின்ற சிறுவன், கேட்டது தன்னையென எண்ணி, யட்டியாந்தோட்டை என்கின்றான். பதிவேட்டில் அவ்வினாவுக்கு விடப்பட்டிருப்பது ஒரு வரிதான்.