எட்டாம் நம்பர் ஊசி

ஆடி, முதல் வெள்ளி

பரணிலிருந்து நூல் பையை இறக்கினேன். சென்னையில் ஆடி மாதத்தில் கம்பளி நூலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். விரலெல்லாம் வியர்வை, நூல் ஊசியில் நகரமாட்டேன் என்கிறது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பவுடர் வைத்திருக்கிறேன். கேரம் ஆடுகிறவர்கள் மாதிரி விரல் நுனியில் தொட்டுக்கொண்டால் கொஞ்ச நேரம் ஓடும். ஆடியில் தொடங்கினால்தான் மார்கழிக்குள் முடியும். வருஷத்துக்கு ஆறு குல்லா, மிஞ்சினால் ஏழு. அதற்கு மேல் மணிக்கட்டு சம்மதிப்பதில்லை.

"இந்த வருஷம் யாருக்குக் குல்லா போடப்போறே?" என்று வீட்டில் கேட்டாகிவிட்டது. நாற்பது வருஷமாக இதே கேலி. நானும் புதிதாகக் கேட்கிறவள் போலச் சிரித்துவைக்கிறேன்.

இந்த ஊருக்கும் உல்லன் நூலுக்கும் என்ன சம்பந்தம் என்பவர்களுக்கு ஒரு தகவல். 2016 ஜனவரியில் உலகத்திலேயே பெரிய குரோஷே போர்வை என்று கின்னஸில் ஏறியது இதே சென்னையில்தான். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பின்னி, ஒன்றாகச் சேர்த்தபோது 11,000 சதுர மீட்டருக்கு மேல் வந்தது.

ஆடி, ஞாயிறு

நான் கற்றது குன்னூரில். 1,850 மீட்டர் உயரம், குல்லாவுக்குக் காரணம் சொல்ல வேண்டாத ஊர். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் தையல் வகுப்பு. டீச்சர் "ப்ளெய்ன், பர்ல், ப்ளெய்ன், பர்ல்" என்று மேஜையில் தட்டிக்கொண்டே வர, நாற்பது பெண்கள் அதற்கேற்பப் பின்னுவோம். ஊசி வாங்க முடியாதவர்கள் சைக்கிள் போக்ஸ் கம்பியைத் தேய்த்துக் கூராக்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் கம்பியில் பின்னியவர்களுடைய பின்னல்தான் நெருக்கமாக, அழகாக இருக்கும். அலுமினிய எட்டாம் நம்பர் ஊசி வைத்திருந்த எனக்கு அதில் பொறாமைகூட உண்டு.

சந்தை நாட்களில் தோடர் பெண்களைப் பார்ப்போம். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக வேலை செய்த பூத்துக்குளிப் போர்வை. அந்தப் பூவேலைக்குத் துணியில் கோடு போட்டுக்கொள்வதில்லை. இழையை எண்ணி எண்ணியே ஊசி குத்துவார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பேப்பரில் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த எண்ணுகிற உதடுகள்தான். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும்.

எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. பின்னும்போது பேசினால் பதில் வராது, எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணுவது என்றால் தமிழில் கணக்கிடுவதும்தான், நினைப்பதும்தான். ஒரு குல்லாவுக்கு ஏறக்குறைய 6,000 கண்ணி. 6,000 தடவையும் அதைப் போட்டுக்கொள்ளப்போகிற ஆளை நினைக்கிறேனா என்றால், இல்லை. பாதி நேரம் பால்காரர் கணக்கு ஓடுகிறது.

ஆடி, செவ்வாய்

அளவு கேட்கிற நாள். தன் இடுப்பளவு தெரியும், செருப்பளவு தெரியும், தலையளவு தெரிந்தவர்களை நான் பார்த்ததில்லை. புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலே, ஒரு கயிற்றைச் சுற்றி, கயிற்றை ஸ்கேலில் வைத்துப் பார் என்று போனில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"தலைக்கனத்தையும் சேர்த்தா?" என்றாள் டொராண்டோவில் இருக்கும் தோழி.

"அதுக்குத் தனியா நூல் வாங்கணும்டி."

56 சென்டிமீட்டர். குல்லா தலையைப் பிடித்து நிற்க வேண்டுமானால் தலையை விடச் சின்னதாக இருக்க வேண்டும். 5 குறைத்தால் 51. என் கைக்கு 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வரும். ஆக 112. அது எட்டால் வகுபடும் என்பதில் எனக்கு ஒரு தனி நிம்மதி. உச்சிக்கு வந்ததும் எட்டு இடத்தில் இரண்டிரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்ன வேண்டும். 112, 104, 96, 88 என்று எட்டாம் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து ஒப்பிக்கிற மாதிரி இறங்கிவரும். கடைசியில் எட்டே எட்டு மிஞ்சும். அதில் நூலைக் கோத்து இழுத்தால் பூ கூம்புவது போல மூடிக்கொள்ளும். அந்த ஒரு இழுப்புக்காகவே மீதியெல்லாம் பின்னலாம்.

ஆவணி

கண்ணி என்கிறோம். பறவை பிடிக்கிறவனுக்கும் கண்ணி. பூத்தொடுத்தால் கண்ணி. தாயுமானவர் பாடினால் பராபரக்கண்ணி. ஒன்று நழுவினால் ஏணி மாதிரி அடிவரை இறங்கிவிடுவது மட்டும் நம்முடையது.

ஆவணி, சனி

பாரிமுனைக்குப் போய் நூல் வாங்கிவந்தேன். உருண்டையைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் நிறத்துக்கு ஒரு நம்பர், சாயம் போட்ட லாட்டுக்கு ஒரு நம்பர் இருக்கும். நிறம் ஒன்றாக இருந்து லாட் வேறாக இருந்தால், கடை விளக்கில் ஒன்றும் தெரியாது. பின்னி முடித்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் குல்லாவின் நடுவில் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி இருக்கும். போன வருஷம் ஒரு நீலக் குல்லா அப்படி ஆனது. வாங்கிக்கொண்டவளிடம் அது டிசைன் என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டாள், அல்லது நம்பியது போல இருந்துவிட்டாள்.

"ப்யூர் வுல்" என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். வீட்டுக்கு வந்து ஒரு சாண் நூலை நறுக்கி விளக்கில் காட்டினேன். கம்பளியானால் முடி கருகும் வாடை வரும், விரலால் நசுக்கினால் சாம்பலாக உதிரும். இது உருகிச் சொட்டாகி, கடுகு மாதிரி கெட்டியாக நின்றது. சுத்தமான அக்ரிலிக். திருப்பிக் கொடுக்கவில்லை. டொராண்டோ தோழி வாஷிங் மெஷினில் போடுகிறவள், அவளுக்கு அதுதான் லாயக்கு.

அக்ரிலிக்கைப் பற்றி எனக்கு ஒரு குற்றவுணர்ச்சியும் இருக்கிறது. மிஞ்சிய நூலை வீணாக்காமல் சின்னச் சின்னதாக ஏதாவது செய்வது வழக்கம். மூக்குக்கண்ணாடிக்கு உறை, பாட்டு கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு ஸ்ருதிப் பெட்டி மேல் போடும் விரிப்பு, புத்தகத்தில் வைக்க ஒரு நாடா. அந்த வரிசையில், கரித்துணிக்குப் பதிலாக என்று கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ஜோடி பின்னி மாடிவீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன். அவர் ஆசையாக அதைப் பிடித்துச் சூடான வாணலியை இறக்க, நூல் உருகி வாணலிக் காதில் அப்பிக்கொண்டது. கை தப்பியது. இன்றைக்கும் அந்த வாணலியின் ஒரு காது கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறது. அடுப்படிக்குப் பருத்தி நூல் மட்டும்தான். இதைப் படித்துவிட்டு யாராவது பின்ன உட்கார்ந்தால் இந்த ஒன்றை மறக்க வேண்டாம்.

புரட்டாசி

விற்கலாமே என்றாள் பக்கத்துவீட்டுப் பெண். விற்பதை நான் மட்டமாக நினைக்கவில்லை. நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் அந்த வரும்படியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கினார்கள். அவருடைய மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடப் போனது. அப்படிப்பட்ட ஊசிக்கு முன்னால் என் குல்லா பொழுதுபோக்கு. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு நான் விலை போட்டால் வாங்க ஆள் இருக்காது, வாங்குகிற விலைக்குக் கொடுத்தால் எனக்குக் கோபம் வரும். சும்மா கொடுத்துவிட்டால் இரண்டும் இல்லை.

ஐப்பசி, மழை

பள்ளித்தோழி போன் செய்தாள். முதல் கீமோ முடிந்து பதினேழாம் நாள் காலையில் தலையணையில் கொத்தாக வந்துவிட்டதாம். இரண்டு மூன்று வாரத்தில் கொட்டும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.

"மீதியையும் வழிச்சு எடுத்துட்டேன்டி. பழனிக்குப் போய்ட்டு வந்தவ மாதிரி இருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஃபேன் காத்தே குளிருது," என்றாள்.

ஹாஸ்டலில் அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் மடித்துக் கட்டிவிடுவது என் வேலை. முட்டி வரை இருக்கும் முடி. ஒருத்தியால் தனியாகப் பின்னிக்கொள்ள முடியாது. மணி அடிப்பதற்குள் இரண்டும் முடிய வேண்டும். மூன்று கால் எடுத்து, இடது வலது இடது வலது. என் கை பின்னலுக்குப் பழகியது தையல் வகுப்பிலா, அவள் தலையிலா என்று இன்றைக்குத்தான் யோசித்தேன்.

ஐப்பசி, மழை விடவில்லை

கையிலிருந்த டொராண்டோ குல்லாவை ஓரம் வைத்துவிட்டேன்.

அவளுக்குக் கம்பளி ஆகாது. மருந்து ஏறும் காலத்தில் தலைத்தோல் புண் மாதிரி இருக்கும், அரிக்கும். மிருதுவான பருத்தி நூல் எடுத்தேன். பருத்திக்குக் கம்பளியின் குணம் கிடையாது. இழுத்தால் நீளும், நீண்டபடியே நின்றுவிடும். முடி இல்லாத தலை சுற்றளவும் குறைவு. கயிறு வைத்து அளந்து 53 என்றாள். 104 கண்ணி போட்டேன். இரண்டு ஊசியில் பின்னிப் பின்பக்கம் மூட்டினால் தையல் உறுத்தும். அதனால் வட்ட ஊசியில், மூட்டே இல்லாமல். வட்ட ஊசியில் வரிசை என்று ஒன்று முடிவதில்லை, சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருக்கும். தொடங்கிய இடம் தெரிய ஒரு சிவப்பு நூலை முடிந்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு தடவை பிரித்தேன். பிரிக்க அஞ்சுகிறவர் பின்னக் கூடாது என்று தையல் டீச்சர் சொல்வார். பிரித்த நூல் இடியாப்பம் மாதிரி சுருண்டு கிடக்கும். நனைத்துத் தொங்கவிட்டு அடியில் ஒரு கனத்தைக் கட்டினால் நிமிர்ந்துவிடும். தம்பிக்குச் சின்னதாகிப்போன ஸ்வெட்டரை அம்மா அப்படித்தான் பிரித்து எனக்குக் குல்லா ஆக்கினாள். துணியைக் கிழித்தால் கிழித்ததுதான். பின்னலில் மட்டும் நூல் முழுசாகத் திரும்பிவருகிறது.

ஏழாவது நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். போட்டுக்கொண்டாள். கண்ணாடி பார்க்கவில்லை, என்னைப் பார்த்து "எப்படி?" என்று கேட்டாள். காதுக்கு மேலே கொஞ்சம் இழுத்துவிட்டேன். காபி வந்தது.

மார்கழி 4

ஆறில் நாலுதான் முடிந்தது.

காலை 21 டிகிரி. எதிர்வீட்டு அண்ணன் மங்கி குல்லா, மஃப்ளர் சகிதம் வாக்கிங் கிளம்புகிறார். கிரிமியப் போரில், ரஷ்யப் பனியில் விறைத்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காகப் பின்னப்பட்ட குல்லா அது. 1854-இல் சண்டை நடந்த பாலகிளாவா என்ற ஊரின் பெயரைத்தான் ஆங்கிலத்தில் அதற்கு வைத்திருக்கிறார்கள். அது எப்படியோ பயணம் செய்து வந்து பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கிறது.

"21 டிகிரிக்கு இதெல்லாம் வேணுமா அண்ணா?"

"உங்களுக்கு என்னம்மா, மலையில வளர்ந்தவங்க." தயங்கித் தயங்கி, "இது கடையில வாங்கினது. கொஞ்சம் லூசா இருக்கு," என்றார்.

கயிறு எடுத்துவரச் சொன்னேன். 58.

ஆனி, ஒரு புதன்

பள்ளித்தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். முடி முளைத்துவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கோடு போட்ட மாதிரி நேராக இருந்த முடி, இப்போது சுருள் சுருளாக வருகிறது. கீமோவுக்குப் பிறகு பலருக்கு அப்படி வருமாம். விரலால் சுருட்டிப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள். புது மூக்குத்தி போட்ட பெண் கையைக் கீழே விடாத மாதிரி.

குல்லா எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது நானே எனக்கு வைத்துக்கொண்ட விதி. கொடுத்த பொருளுக்கு நான் காவல் இல்லை.

தண்ணீர் எடுக்க எழுந்தபோது பார்த்தேன். ஃபிரிட்ஜ் மேல் மல்லாத்தி வைத்திருந்தாள். உள்ளே சாவிக்கொத்து, கரண்ட் பில், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, ஒரு எலுமிச்சம்பழம். சாவிக்கு 104 கண்ணி கொஞ்சம் அதிகம்தான்.