மாவுச் சேவலும் புத்தகக் கிரிக்கெட்டும்

இல்லாத ஒருவரை ஏமாற்ற இயலுமா? உலகில் பிறவாதவர், உடம்பும் உயிரும் அற்றவர், ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயராக மட்டும் இருப்பவர். அத்தகையவருக்கு நாம் அநீதி இழைத்துவிட்டோம் என்று கூறுவதில் பொருளுண்டா? கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆயினும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக என் மனத்தின் ஒரு மூலையில் அது கிடந்து உறுத்திக்கொண்டே வந்தது. அன்பர்கள் சற்றே பொறுமையுடன் கேட்பார்களாக.

என் தந்தையார் வந்தவாசிப் பக்கத்தவர். அரசுப் பணியின் பொருட்டு கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்திற்கு மாற்றப்பெற்று, குடும்பத்துடன் அங்கே பல ஆண்டுகள் தங்கினார். மலையடிவாரத்து ஊர் அது. ஒருபுறம் பேச்சிப்பாறை அணை, மறுபுறம் திற்பரப்பு அருவி, இடையில் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் தோட்டங்கள். எங்கள் தெருவில் சமணர் வீடு எங்களுடையது ஒன்றே. சிதறால் மலையும் அதன் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களும் அருகிலிருந்தது தந்தையார்க்குப் பெரிய ஆறுதல்.

வடமாவட்டங்களில் நாம் காணாத மழை அங்கே உண்டு. தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்குப் பருவமும் பெய்யும். மழை பிடித்துவிட்டால் தோட்டங்களில் பால்வெட்டு நின்றுபோகும். எங்கள் மைதானமும் சேறாகும். நம் இல்லங்களின் வழக்கப்படி பொழுது சாயுமுன் உணவு முடிந்துவிடும். பின்னர் நீண்ட இரவு, மின்சாரமும் இராது, ஓட்டின்மேல் மழையின் ஓசை மட்டும். அந்த இரவுகளில்தான் அண்ணனும் நானும் புத்தகக் கிரிக்கெட் ஆடத் தொடங்கினோம்.

தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த ஆட்டம் அது. ஒரு தடித்த புத்தகத்தைக் கண்ணை மூடித் திறக்க வேண்டும். இடப்பக்கத்தின் எண் எப்போதும் இரட்டைப்படை. அதன் கடைசி இலக்கமே ஓட்டம். இரண்டு, நான்கு, ஆறு என்பன அவ்வவ்வாறே கணக்கில் சேரும். பூச்சியம் வந்தால் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும். எட்டுக்கு ஊருக்கொரு விதி. எங்கள் வீட்டில் அதற்கு ஓர் ஓட்டம். சராசரியாக ஐந்து முறை திறந்தால் ஒரு முறை பூச்சியம் வரும், மற்ற நான்கும் பதின்மூன்று ஓட்டம் தரும். ஆகவே பத்துப் பேர் வெளியேறுமுன் ஓர் அணி ஏறக்குறைய 130 ஓட்டம் எடுக்கும். இந்தக் கணக்கை அண்ணன் பதினைந்து வயதில் தாமே போட்டுக் கண்டுபிடித்தார்.

1983ஆம் ஆண்டு இந்தியா உலகக் கோப்பையை வென்றபின் நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கபில்தேவாகவும் ஸ்ரீகாந்தாகவும் மாறிப் புத்தகத்தைத் திறந்தனர். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. உள்ள மனிதர்களை வைத்து ஆடினால், கபில்தேவ் இரண்டு ஓட்டத்தில் வெளியேறும்போது அது பொய் என்று மனம் சொல்லிவிடும் என்பார். எனவே நாங்கள் எட்டு அணிகளைப் படைத்தோம். குலசேகரம், திருவட்டாறு, திற்பரப்பு, பேச்சிப்பாறை, அருமனை, மார்த்தாண்டம், தக்கலை, பத்மநாபபுரம். அணிக்குப் பதினொருவராக எண்பத்தெட்டுப் பேர். கடைப் பலகைகளிலிருந்தும் பேருந்துகளின் நெற்றியிலிருந்தும் அவர்களுக்குப் பெயர் எடுத்தோம். ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியுடனும் இருமுறை மோதினால் ஓராண்டுக்கு ஐம்பத்தாறு ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம். பக்கத்தின் அடியில் நாளிதழ் நடையில் ஒரு செய்தி.

இதில் ஒரு வியப்பு உண்டு. புத்தகத்தின் முன் எண்பத்தெட்டுப் பேரும் சமம். எவருக்கும் தனித் திறமை கிடையாது. ஆயினும் ஓராண்டு முடிவதற்குள் அவர்கள் வேறு வேறு மனிதர்களாகிவிட்டனர். தொடர்ந்து பூச்சியத்திற்குத் தப்பியவரை நிதானமானவர் என்றோம். மூன்று ஆட்டங்களில் முதல் திறப்பிலேயே வெளியேறியவருக்கு வீட்டில் ஏதோ கவலை என்று முடிவு செய்தோம். எண்கள் தற்செயலாக விழுந்தன. நாங்கள் அவற்றில் குணத்தைக் கண்டோம். உயிருள்ள மனிதரைப் பற்றி நாம் செய்யும் தீர்ப்புகளிலும் எத்தனை இவ்வாறு செய்யப்படுகின்றனவோ என்று இப்போது எண்ணுகிறேன். அன்று அது தோன்றவில்லை.

இத்தகைய பித்து எங்கள் வீட்டோடு நிற்பதன்று என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். அமெரிக்கரின் பேஸ்பால் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. அதன் ஆட்டக் கணக்கைக் கட்டம் போட்டு அச்சிடும் முறையை 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், கிரிக்கெட் செய்திகள் எழுதியவர். கணக்கு வந்த இடத்தில் கற்பனையும் வந்து சேர்ந்தது. ஹால் ரிச்மன் என்பவர் சிறுவயதில் தமக்கெனச் செய்துகொண்ட அட்டைகளும் பகடைகளும் கொண்ட ஆட்டத்தை 1961இல் ‘ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக்’ என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மார்கஸ் ஹைன்சோன் என்னும் ஜெர்மானியர் உருவாக்கிய ‘அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்’ என்ற கணினி விளையாட்டு 1999இல் வெளிவந்தது. அதில் ஊர், அணி, ஆட்டக்காரர் அனைத்தையும் புதிதாகப் படைத்து, நூறாண்டு வரலாற்றையே ஓடவிடலாம். உள்ள அணிகளையும் புகழ்பெற்ற வீரர்களையும் விட்டுவிட்டு, எவரும் கேட்டிராத பெயர்களைக் கொண்டு இப்படி உலகம் சமைப்பவர் பலர். எழுத்தாளர் ஜாக் கெரவாக் சிறுவயதில் இத்தகைய ஓர் உலகைத் தொடங்கினார். போன்டியாக், காடிலாக் என்று மோட்டார் வண்டிகளின் பெயரைக்கூட அணிகளுக்குச் சூட்டி, சீட்டுகள் செய்து, செய்தித்தாளும் எழுதி, பெரியவரான பின்னரும் ஆடினார். நெருங்கிய எழுத்தாள நண்பர்களுக்குக்கூட அது தெரியாது.

இதில் என்ன இன்பம்? ஆளும் இன்பம் என்று சிலர் கூறுவர். படைத்தவனே அரசன், அவன் வைத்ததே சட்டம் என்பர். என் அனுபவம் அதற்கு மாறானது. வெல்ல வேண்டியவர் யார் என்று நாமே முடிவு செய்வதாயின் புத்தகத்தைத் திறக்கவே தேவையில்லை, நேரே எழுதிவிடலாம். அண்ணன் ஒரு முறை எங்கள் பழைய அகராதியை ஆட்டத்திலிருந்து விலக்கிவைத்தார். அதன் முதுகு தளர்ந்து ஒரே இடத்தில் அடிக்கடி திறந்துகொண்டது. நேர்மையற்ற புத்தகம் என்று அதற்குப் பெயர் வைத்து, ஐந்து ஆட்டத்திற்கு ஒருமுறை புத்தகத்தை மாற்ற வேண்டும் என்று விதியும் செய்தார். கையில் முழு அதிகாரம் இருக்க, அதைப் பயன்படுத்த மாட்டேன் என்று தன்னைத்தான் கட்டிக்கொள்வதிலேயே அந்த இன்பம் இருந்தது. உலகைப் படைத்துக் காக்கும் கர்த்தா ஒருவர் இல்லை, வினைதான் தன் பயனைத் தரும் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஓர் உலகைப் படைக்க நேர்ந்தபோது, அதில் கைவைக்காத கர்த்தாக்களாய் இருந்தோம் போலும்.

1985இல் அண்ணன் மேற்படிப்புக்காக நாகர்கோவிலில் விடுதியில் சேர்ந்தார். அவ்வாண்டின் ஆட்டங்களில் பன்னிரண்டு மீதமிருந்தன. நோட்டை என்னிடம் ஒப்படைத்து, ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவையும் இன்லண்டு கடிதத்தில் எழுதச் சொல்லிப் போனார். அப்படியே செய்தேன். கடைசி ஆட்டம் குலசேகரத்திற்கும் திருவட்டாற்றுக்கும். இரண்டும் சமப் புள்ளிகளில் நின்றன, வென்றவர்க்குக் கோப்பை. திருவட்டாறு 141. குலசேகரம் ஒன்பது பேரை இழந்து 139. இறுதியாக ஆட வந்தவர் எங்கள் இருவருக்கும் பிரியமானவர். அந்த ஆண்டுடன் அவருக்கு ஓய்வு கொடுப்பதென்று முன்பே பேசி முடித்திருந்தோம். அவர் பெயரை இங்கே எழுத ஏனோ கூச்சமாயிருக்கிறது.

புத்தகத்தைத் திறந்தேன். 170.

வெளியே நல்ல மழை. தந்தையார் திண்ணையில் இருந்தார், அம்மா உறங்கிவிட்டார். என்னைக் கண்டவர் எவருமில்லை. புத்தகத்தை மூடினேன், மீண்டும் திறந்தேன். 214. நான்கு ஓட்டம், 143, குலசேகரத்திற்குக் கோப்பை. மறுநாள் கடிதம் போயிற்று. ஒரு வாரத்தில் அண்ணனிடமிருந்து இரண்டு தாளில் பதில் வந்தது, நாளிதழ்ச் செய்தியாகவே. முதியவரின் மனவுறுதியைப் புகழ்ந்து, அவரை ஊர்வலமாக அழைத்துச் சென்றதையும் வருணித்திருந்தார். அதைப் படித்துவிட்டு நான் உணவு கொள்ளவில்லை.

அச்சமயத்தில்தான், வேறெதையோ பற்றிப் பேசிக்கொண்டிருந்த தந்தையார் யசோதர காவியக் கதையைச் சொன்னார். நம் இல்லங்களில் அறியாதார் இலர். தாயின் வற்புறுத்தலுக்கு இணங்கிய அரசன், உயிர்க்கொலைக்கு அஞ்சி, மாவினால் செய்த சேவலைத் தேவிக்குப் பலியிட்டான். அதற்காகவே தாயும் மகனும் விலங்குப் பிறவிகளில் உழன்றனர். சிறுவயதில் இக்கதை எனக்கு நியாயமாகப் படவில்லை. மாவுக்கு வலியுண்டா? அந்தப் பலியால் உலகில் ஓருயிரும் குறையவில்லையே என்று நினைப்பேன். அன்றிரவு கதை வேறாகக் கேட்டது. சேவல் மாவுதான். ஓங்கிய கை மாவன்று. ஓங்கச் செய்த சங்கற்பமும் மாவன்று. யாரை வெட்டினான் என்று கேட்கிறோமே, வெட்டினவன் யாராக மாறினான் என்று கேட்க வேண்டாமா என்றார் தந்தையார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னதாக எனக்குத் தோன்றியது. அவர் சுவரைப் பார்த்திருக்கவும் கூடும்.

அண்ணனிடம் பொய் சொன்னது குற்றம் என்பதில் ஐயமில்லை. அண்ணன் மாவில் செய்தவரல்லர். கடினமான கேள்வி மற்றது. அண்ணன் ஒருவர் இல்லாமலே, தனியறையில் நான் மட்டும் ஆடியிருந்தால்? ராபர்ட் கூவர் என்னும் அமெரிக்கர் 1968இல் எழுதிய நாவல் ஒன்று இதைத்தான் பேசுகிறது. ஹென்றி வா என்னும் கணக்காளர் தனியே பகடை உருட்டி ஒரு பேஸ்பால் உலகை நடத்துகிறார். அபூர்வமாக விழுந்த பகடையால், அவர் மகன்போல் நேசித்த ஓர் இளைஞன் ஆட்டத்திலேயே மாண்டுபோகிறான். துயரம் தாளாமல், அந்தச் சாவுக்குக் காரணமான பந்து வீசியவனைக் கொல்லத் தாமே பகடையைக் கையால் திருப்பிவைக்கிறார். செத்தவர் எவருமில்லை. ஆயினும் படிப்பவருக்கு ஒரு கொலையைக் கண்ட உணர்ச்சி எழாமற் போகாது.

எனக்கு நேர்ந்தது அவ்வளவு பெரிதன்று. ஆனால் ஒன்றை அறிந்தேன். அடுத்த ஆண்டுக்குப் புது நோட்டு வாங்கிக் கட்டம் போட்டுவிட்டு ஆட உட்கார்ந்தால் ஆட்டம் நகரவில்லை. பூச்சியம் வந்தால் மாற்றலாமே என்றது மனம். மாற்றாவிட்டாலும், மாற்றாமல் விட்டவன் நான் என்றாயிற்று. அதுவரை அந்த எண்பத்தெட்டுப் பேரும் எனக்கு அந்நியர்; நாளை என்ன செய்வார்கள் என்று தெரியாதவர்கள். அதனால்தான் உயிரோடிருந்தார்கள். ஒரே ஒரு பக்கத்தைத் திருப்பியதும் எண்பத்தெட்டுப் பேரும் நானாகிவிட்டார்கள். பார்ப்பதற்கு என்னைத் தவிர அங்கே வேறெவரும் இல்லை. நான்கு ஆட்டத்துடன் நிறுத்திவிட்டேன்.

இப்படிப் பொழுது போக்குவதே தவறு என்பாருண்டு. அனர்த்ததண்ட விரதத்தை எடுத்துக்காட்டி, பயனில்லாத செயலையும் பிறர் தோல்வியை நாடும் அபத்தியானத்தையும் நம் பெரியோர் விலக்கியதைச் சுட்டுவர். மறுக்க இயலாது. திருவட்டாறு தோற்க வேண்டும் என்று நான் எண்ணியது அபத்தியானமே. சூது என்று சேர்த்துச் சொன்னால் மட்டும் உடன்படேன். கைப்பேசியில் உண்மை வீரர்களை அணியாக்கிப் பணம் கட்டி ஆடியது சூது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியதும் நன்றே. எங்கள் நோட்டில் எவருக்கும் ஒரு காசு ஆதாயமில்லை. ஆதாயமே இல்லாத இடத்தில் நான் ஏன் பொய் செய்தேன் என்பதே எனக்கு இன்றும் விளங்காத ஒன்று. பற்றுக்குப் பணம் தேவையில்லை போலும்.

2024 மார்கழியில் சென்னையில் அண்ணன் வீட்டிற்குச் சென்றேன். பணி ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளுடன் இருக்கிறார். பழைய நோட்டையும் கொண்டுபோயிருந்தேன். மாலை உணவு முடிந்தபின் சொன்னேன். சிரிப்பார் என்றெண்ணினேன், சிரிக்கவில்லை. சிறிது நேரம் பேசாமலிருந்து, “அப்படியானால் இவ்வளவு காலமாய்த் திருவட்டாற்றுக்காரர்கள்…” என்று தொடங்கி நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டை வாங்கினார். பேரனிடம் அடிக்கோலும் சிவப்பு மைப் பேனாவும் கேட்டார். 143ஐ அடித்து 139 என்று திருத்தினார். புள்ளிப் பட்டியலை மீண்டும் கூட்டினார். பிறகு, “இவருடைய சராசரியும் மாறுமே, ஆட்டமிழக்காதவர் என்றல்லவா போட்டிருக்கிறோம்” என்று அந்த முதியவரின் கணக்கை எடுத்து, ஓரத்தில் வகுத்தல் போட்டு, புதிய எண்ணை எழுதினார். கடைசிப் பக்கத்தில் கோப்பைக்கு நேரே திருவட்டாறு என்று எழுதித் தேதியிட்டு, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.