யாருடைய போர், யாருடைய தேர்வு?

திருச்செங்கோட்டில், வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "ஜான்சி ராணிப் படைப் பெண்கள் ஜப்பானுக்குத்தானே உதவினார்கள்? அது தவறில்லையா மேடம்?"

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. நம் சேலம் ஜில்லாவிலிருந்தும் கங்காணிகள் கூட்டிப்போன குடும்பங்கள் ரப்பர் தோட்டங்களில் இருந்தன. பால்மரம் வெட்டும் வேலை நின்றது, அரிசி அரிதானது. பல்லாயிரம் தமிழர்கள் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். ஏராளமானோர் அங்கேயே மாண்டார்கள். 1943-இல் கேப்டன் லட்சுமி தலைமையில் பெண்கள் படை அமைந்தபோது, தோட்டத்துப் பெண்கள் பலர் துப்பாக்கி ஏந்தினார்கள்.

மாணவியின் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. தங்கள் ஆண்களை இழுத்துப்போன அதே ஆட்சியின் நிழலில்தான் அவர்கள் பயிற்சி பெற்றார்கள். அது கறைதான். ஆனால் படையெடுப்புக்கு முன்பு மட்டும் அவர்கள் சுதந்திரமாகவா இருந்தார்கள்? தோட்டத்தில் துரையும் கங்காணியும், லயத்தில் புருஷனும் இருந்தார்கள். பிரிட்டிஷ் படைக்குப் போன ஆண்களிடம் "யாருக்கு உதவினாய்?" என்று நாம் கேட்கிறோமா?

கறையில்லாத வழி கிடைத்தால்தான் பெண் முடிவெடுக்கலாம் என்றால், அவள் காலமெல்லாம் காத்திருக்க வேண்டியதுதான். அவர்களை நான் தெய்வமாக்க மாட்டேன்; பொம்மைகள் என்றும் சொல்ல மாட்டேன். எடுத்த முடிவுக்கு அவர்கள் பொறுப்பு. வழிகள் அவ்வளவு குறுகிப்போனதற்கு இரண்டு பேரரசுகளும் பொறுப்பு.